தொட்டிக்குள் எட்டிப் பார்க்கும் நாள்

எங்கள் கட்டடத்தில் வருஷத்துக்கு ஒரு நாள் குழாயில் தண்ணீர் வராது. அன்றைக்குத்தான் எல்லோரும் சந்தோஷமாக இருப்பார்கள். வெளியாளிடம் சொன்னால் நம்ப மாட்டான்.

நாற்பத்தெட்டு வீடு, நாலு மாடி. மொட்டைமாடியில் ஒரு பெரிய சிமெண்டுத் தொட்டி. நடுவில் சுவர் எழுப்பி இரண்டு அறையாகப் பிரித்திருக்கும். அறைக்கு ஒரு இரும்பு மூடி. இடது அறைத் தண்ணீர் இடது பக்கத்து வீடுகளுக்கு, வலது அறைத் தண்ணீர் வலது பக்கத்து வீடுகளுக்கு. அந்த ஒரு நாள் இரண்டையும் காலி செய்து கழுவுவார்கள். வீடுகளில் அடுப்பு எரியாது. முதல் நாளே பிடித்து வைத்த தண்ணீரில் கீழே முற்றத்தில் பெரிய பானை வைத்து மொத்தமாகச் சமையல். மூன்று மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லாத ஓரகத்திகள், வண்டி நிறுத்தும் இடத்துக்காகச் சட்டையைப் பிடித்துக்கொண்டவர்கள், யாராக இருந்தாலும் அன்றைக்கு ஒரே வரிசையில் உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும். கோபித்துக்கொண்டு வீட்டுக்குள் போனால் பட்டினி.

சாப்பாட்டுக்கு முன்னால் இன்னொன்று உண்டு. கழுவி முடித்த தொட்டியில் ஏணி சாய்த்து வைப்பார்கள். வீட்டுக்கு ஒருவர் ஏறி, டார்ச் அடித்து, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு இறங்க வேண்டும். நாற்பத்தெட்டு பேரும் பார்த்த பிறகுதான் வால்வைத் திறப்பார்கள். ஆரம்பத்தில் இது வெறும் சோதனைதான். நாளாக ஆக ஏணிக்கு ஜரிகைத்தாள் சுற்றினார்கள். மைக் செட் வந்தது. பிள்ளைகளுக்குப் புதுத்துணி எடுத்தார்கள். புதுசாகக் கல்யாணமானவர்கள் ஜோடியாக ஏறிப் பார்த்தால் நல்லது என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். இரண்டாவது மாடியில் ஒரு அம்மாள் தன் மகளுக்கு வேலை கிடைத்ததே தொட்டியைப் பார்த்ததால்தான் என்று இன்றைக்கும் சத்தியம் செய்வாள். அந்தப் பெண் ராப்பகலாகப் படித்தது யார் கணக்கில் போனதோ.

இந்த நாளை ஆரம்பித்தவர் என் அக்காவைக் கட்டியவர். நான் மாமா என்று கூப்பிடுவேன். கட்டடத்தில் அவருக்கு வாஷர் என்று பெயர். எந்த நேரமும் சுண்டுவிரலில் ஒரு ரப்பர் வாஷரை மோதிரம் மாதிரி மாட்டிக்கொண்டிருப்பார். பதினாலு வயதில் குழாய் வேலைக்கு வந்தவர், இப்போது அறுபத்தொன்று. சுவரில் காதை வைத்துக் கேட்டே எந்த இடத்தில் ஒழுகுகிறது என்று சொல்லிவிடுவார். சொன்ன இடத்தில் உளி வைத்தால் ஈரம் இருக்கும். எனக்குத் தெரிந்து இரண்டு முறைதான் தப்பியிருக்கிறது. பெண்கள் குழாயை இறுக்கி இறுக்கி மூடி வாஷரைக் கெடுத்துவிடுகிறார்கள் என்று அவருக்கு ஓயாத புகார்.

"குழாய் என்ன உங்க வீட்டுக்காரரா, கழுத்தத் திருகறதுக்கு? மெதுவா மூடுங்கம்மா."

"அவரு கழுத்து திரும்பவே மாட்டேங்குதே. அதான் குழாய்கிட்ட வர்றோம்."

இப்படிப் பேசிப் பேசியே வேலையை முடித்துவிடுவார். கூப்பிட்ட வீட்டுக்குப் போகாமல் இருந்ததில்லை. நாளைக்கு என்று சொல்லவே மாட்டார். இதற்காகவே எல்லோருக்கும் அவரைப் பிடிக்கும். அது எதனால் வந்த பழக்கம் என்று தெரிந்தவர்கள் மூன்று பேர். அவர், என் அக்கா, நான்.

ஏழாம் நம்பர் வீட்டு டீச்சர் குடிவந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. அவருக்கு இந்த நாள் மேல் ஒரு ஆசை வந்துவிட்டது. எப்படி ஆரம்பித்தது என்று வீடு வீடாகப் போய்க் கேட்டு ஒரு நோட்டில் எழுதினார். சின்னப் புத்தகமாக அச்சடித்து அன்றைக்கு எல்லோருக்கும் கொடுப்பது என்று சங்கத்துச் செயலாளரோடு சேர்ந்து முடிவும் செய்துவிட்டார்.

ஆளுக்கு ஒரு கதை சொன்னார்கள். கட்டடத்தின் முதல் சொந்தக்காரர் பிறந்தநாள் என்றார் செயலாளர். புது மோட்டார் வந்த நாள் என்றார் மளிகைக்கடைக்காரர். தரைத்தளத்தில் இருக்கும் பழைய கண்டக்டர், இடது பக்கமும் வலது பக்கமும் அடித்துக்கொண்டு சமாதானமான நாள் என்றார். அவர் எல்லாக் கதையிலும் ஒரு சண்டையைச் சேர்ப்பார். அந்தக் காலத்துக் குடும்பங்களில் ஒன்பதுதான் இப்போது மிச்சம். மற்றவர்கள் எல்லாம் பின்னால் வந்தவர்கள்.

கடைசியாக டீச்சர் மாமாவிடம் வந்தார். நானும் இருந்தேன், மோட்டார் அறைக் கதவுக்குப் பெயிண்டு அடித்துக்கொண்டு.

"எல்லா ஊர்லயும் இப்படி ஒரு நாள் இருக்குங்க" என்றார் டீச்சர். "வெள்ளம் வடிஞ்ச நாளுன்னு ஒரு ஊர்ல. நோய் ஊரை விட்டுப் போன நாளுன்னு ஒரு ஊர்ல. முதல் கதிரு அறுத்த நாள், செத்தவங்கள நெனைக்கிற நாள். தோண்டிப் பாத்தா பாதிக்கு மேல அடியில ஒரு பயம் இருக்கு. காரணம் மறந்துபோகும், நாள் மட்டும் நிக்கும்."

"ஏன் நிக்கணும்?" என்றார் மாமா.

"தனியா பயப்பட முடியாதுல்ல. எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிட்டா பயம் பங்காயிடும். கொறையும்."

"கொறையாதும்மா."

டீச்சர் சிரித்தார், அவர் தமாஷ் செய்கிறார் என்று. பிறகு நோட்டைத் திருப்பி ஒரு பக்கத்தைப் படித்தார். "நாலாவது மாடி தையல்காரம்மா என்ன சொன்னாங்க தெரியுமா? ‘அவர் நல்ல மனுஷன். என் பொண்ணு போனப்ப இந்தக் கட்டடத்துல எனக்கு முதல்ல சோறு போட்டவர் அவர்தான். அதையும் எழுதுங்க’ன்னாங்க. முதல் பக்கத்துல இதத்தான் போடப்போறேன். உங்க போட்டோவும் வரும். செயலாளர் கேடயம் வேற சொல்லியிருக்கார்."

மாமா எழுந்து வால்வுப் பக்கம் போய், மூடியிருந்த வால்வை மறுபடி மூடினார். அவர் முகத்தை டீச்சர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன்.

நடந்ததை இங்கே சொல்லிவிடுகிறேன்.

இருபத்து மூன்று வருஷத்துக்கு முன்னால், அவர் இந்தக் கட்டடத்தில் சேர்ந்த புதிது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை தொட்டி கழுவ வேண்டும். கழுவின தேதியைத் தொட்டியின் வெளிச்சுவரில் பெயிண்டால் எழுத வேண்டும், இரண்டு அறைக்கும் தனித்தனியாக. மூடியைத் திறந்து உள்ளே யாரும் பார்ப்பதில்லை. துணி காயப்போட வருகிறவர்கள் தேதியைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான். தேதி எழுத என்னைக் கூட்டிப் போவார், பெயிண்டர் என்பதால்.

அன்றைக்கு இடது அறையைக் கழுவி முடித்துவிட்டார். வலது அறை மூடி துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. கடப்பாறை போட்டு இரண்டு பேரும் நெம்பினோம். மூடி வரவில்லை. ஒரு ஓரம் மட்டும் வளைந்து கையகலத்துக்கு இடைவெளி விட்டது. வெயில் மண்டையைப் பிளந்தது.

"திங்கக்கிழமை வெல்டரக் கூட்டிட்டு வந்து அறுத்துக்கலாம். நீ ரெண்டுக்கும் தேதியப் போட்டுரு மாப்ளே. டப்பாவ வேற தொறந்தாச்சு" என்றார்.

திறந்த டப்பா அதற்குள் காய்ந்துவிடும். திங்கட்கிழமை மறுபடி ஒரு டப்பா திறக்க வேண்டும். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. இரண்டு பக்கமும் ஒரே தேதியைப் போட்டேன், குண்டு குண்டாக, நாலு தெருவுக்குத் தெரிகிற மாதிரி.

அந்தத் திங்கட்கிழமை வேறு வேலை வந்தது. அடுத்ததுக்கு வெல்டர் வரவில்லை. எங்களைப் போன்ற ஆட்களுக்குத் திங்கட்கிழமை என்பது ஒரு நாளே இல்லை, வாயில் வருகிற ஒரு பேச்சு. பிறகு மறந்துபோனது.

ஆறாவது வாரம் வலது பக்கத்து வீடுகளில் வாந்தியும் பேதியும் ஆரம்பித்தது. முப்பது பேருக்கு மேல். தையல்காரம்மாவின் ஒரே மகளுக்கு ஆறு வயது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் இருந்தாள். மூன்றாம் நாள் இல்லை. புருஷன் அதற்கு முன்னாலேயே விட்டுவிட்டுப் போனவன். அந்த அம்மாள் தனியாக வீட்டுக்குத் திரும்பி வந்தார்.

அன்று காலையே மாமா ரம்பத்தோடு மேலே ஏறி மூடியின் கீலை அறுத்தார். உள்ளே இரண்டு புறா செத்து ஊறிக் கிடந்தன. நாங்கள் நெம்பி விட்ட இடைவெளி வழியாக இறங்கியிருக்கின்றன. சட்டையைக் கழற்றிச் சுற்றி எடுத்துக்கொண்டு வெற்று உடம்போடு படியிறங்கினார். எதிரே வந்த கண்டக்டர், "என்னப்பா, வெயிலுக்குச் சட்டையக் கழட்டிட்டியா?" என்று கேட்டார். மாமா தலையை ஆட்டினார்.

அந்த மாதம் தெருவில் குழாய் பதிக்கக் குழி தோண்டிப் போட்டிருந்தார்கள். சாக்கடைத் தண்ணீர் கலந்துவிட்டது என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். மாமா ஆமாம் என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அன்றைக்கே இரண்டு அறையையும் காலி செய்து நாள் முழுக்கத் தேய்த்தார். தண்ணீர் இல்லை, யார் வீட்டிலும் சமையல் இல்லை. என் அக்கா முற்றத்தில் பானையை ஏற்றினாள். அவர் முதல் தட்டை எடுத்துக்கொண்டு நாலாவது மாடிக்குப் போனார்.

மறு வருஷம் அதே தேதியில் மறுபடி காலி செய்தார். "இனிமே என் பேச்சையும் நம்பாதீங்க, தேதியையும் நம்பாதீங்க. வீட்டுக்கு ஒருத்தர் ஏறிப் பாருங்க" என்றார். எல்லோரும் சிரித்துக்கொண்டே ஏறினார்கள். தையல்காரம்மா வீடு தொட்டிக்குப் பக்கத்தில் என்பதால் அவர்தான் முதலில் ஏறினார். அப்படியே வழக்கமாகிவிட்டது. இருபத்து இரண்டு வருஷம் அவர் ஏற, மாமா ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அந்த அம்மாள் இறங்கும்போது ஒவ்வொரு வருஷமும், "நல்லா இருக்கு அண்ணே" என்பார்.

இப்போது அதே வாய் அவரை நல்லவர் என்று சொன்னதைப் புத்தகத்தில் போடப்போகிறார்கள்.

வீட்டுக்குப் போனதும் அக்காவுக்கும் மாமாவுக்கும் முட்டிக்கொண்டது.

"போயிச் சொல்லிடப்போறேன்" என்றார் மாமா.

"இத்தன வருஷமா எங்க போயிருந்தீங்க? அன்னைக்குச் சொல்லியிருந்தா மனுஷத்தனம். இன்னைக்குச் சொன்னா உங்க பாரம் எறங்கும், அவ தலையில ஏறும். அவ எப்படியோ தன்னத் தேத்திக்கிட்டு ஒரு மெஷினோட ஓட்டிக்கிட்டு இருக்கா. அதுலயும் போயி மண்ணப் போடுங்க."

"புத்தகத்துல போடறாங்கடி."

"போட்டா போட்டுட்டுப் போகட்டும். எத்தன புத்தகத்துல எத்தன பொய் இருக்கு. டேய், நீ சொல்லேன்டா உங்க மாமாவுக்கு."

அக்கா சொன்னதில் தப்பு எதுவும் தெரியவில்லை. மாமா செருப்பை மாட்டினார். நானும் மாட்டினேன். தேதி எழுதிய கை என்னுடையது. அவரை மட்டும் தனியாக அனுப்ப முடியாது.

மதியம் மூன்று மணி இருக்கும். தையல்காரம்மா ஜன்னலோரம் மெஷினில் இருந்தார். தொட்டி நாளுக்குப் பிள்ளைகளுக்கான புதுத்துணியெல்லாம் அவரிடம்தான் வரும். கட்டில் முழுக்கச் சின்னச் சின்னச் சட்டைகள், காஜா எடுத்ததும் எடுக்காததுமாக.

"என்ன அண்ணே, ரெண்டு பேரும் போலீஸ்காரங்க மாதிரி வாசல்ல நிக்கறீங்க. உள்ள வந்து உக்காருங்க."

மாமா உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். மூடி, கடப்பாறை, தேதி, புறா, சட்டை. எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. சொல்லி முடிக்கும்வரை அந்த அம்மாள் மெஷினில் கையை வைத்தபடி இருந்தார். ஊசி துணியில் இறங்கி நின்றது.

"எத்தன திங்கக்கிழமை?" என்று கேட்டார்.

"என்னம்மா?"

"திங்கக்கிழமை வர்றேன்னீங்கல்ல. அதுக்கப்புறம் எத்தன திங்கக்கிழமை வந்துச்சு?"

மாமா விரலை மடக்கி எண்ணினார். "அஞ்சு."

"தேதிய எழுதினது யாரு?"

"நான்" என்றேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இங்கே எழுதப்போவதில்லை.

"நான் அந்தத் தேதியப் பாத்தேன். துணி காயப் போட வந்தப்போ. அதுவரைக்கும் அவளுக்குத் தண்ணிய காய்ச்சித்தான் குடுப்பேன். கழுவிட்டாங்களே, இனிமே வேணாம்னு விட்டுட்டேன். ஆஸ்பத்திரியில நர்ஸ் கேட்டா, தண்ணிய காய்ச்சிக் குடுத்தீங்களாம்மான்னு. இத்தன வருஷமா அந்த ஒரு கேள்விக்குத்தான் பதில் தேடிக்கிட்டு இருக்கேன்." குரல் உயரவே இல்லை. "நான்தான் கொன்னேன்னு நெனச்சுக்கிட்டு இருக்கேன் அண்ணே. நீங்க ஏணியப் புடிச்சுக்கிட்டு நிக்கறீங்க."

மாமா வாயைத் திறந்தார்.

"போங்க" என்றார் அந்த அம்மாள்.

அடுத்த ஆறு நாள் அவர் வீட்டுக் கதவு திறக்கவில்லை. தைத்த சட்டைகளை ஒரு துணிப்பையில் போட்டு வாசல் கைப்பிடியில் மாட்டிவைத்திருந்தார். அவரவர் வந்து எடுத்துக்கொண்டு போனார்கள். மாமா டீச்சரிடம் தன் போட்டோவைப் போட வேண்டாம் என்று மட்டும் சொன்னார். அவருக்கு எப்போதும் கூச்சம் என்று டீச்சர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. புத்தகம் அச்சாகி வந்துவிட்டது.

அந்த நாள் வந்தது. காலை பத்து மணிக்குள் இரண்டு அறையும் கழுவியாகிவிட்டது. ஏணியைச் சாய்த்தோம். மொட்டைமாடியிலும் படிக்கட்டிலும் ஆட்கள் வரிசையாக நின்றார்கள். செயலாளர் மைக்கைப் பிடித்து, கேடயத்தை மேஜையில் வைத்து, "நம்ம தையல்காரம்மா முதல்ல வந்து பாத்துத் தொடங்கி வைப்பாங்க" என்று மூன்று தடவை கூப்பிட்டார். கதவு திறக்கவில்லை.

பத்தரை ஆனது. பதினொன்று ஆனது. கீழே பானையில் சோறு இறக்கியாகிவிட்டது. பிள்ளைகள் பசியில் ஒன்றையொன்று கிள்ள ஆரம்பித்தன. புதிதாகக் குடிவந்த ஒரு பையன், "நான் ஏறட்டுமா சார்?" என்றான். கண்டக்டர் அதட்டினார். "அந்தம்மா ஏறாம யாரும் ஏறினதில்லப்பா."

"யாரு போட்ட சட்டம் அது?"

"சட்டம் இல்ல. ஏறினதில்ல, அவ்வளவுதான்."

அப்படி ஒரு விதி யாருமே போடவில்லை. ஆனாலும் ஒருவர்கூட ஏணியில் கால் வைக்கவில்லை. செயலாளர் மைக்கை மூடிவிட்டு மாமா காதோரம் வந்தார். "உடம்பு சரியில்ல போல. நீங்க வால்வத் தொறந்து விடுங்க. பந்திய ஆரம்பிச்சிடலாம்." மாமா வால்வின் மேல் கையை வைத்தபடி, "முடியாதுங்க" என்றார்.

டீச்சர்தான் போய்க் கதவைத் தட்டினார். தையல்காரம்மா வந்தபோது மணி பன்னிரண்டு. பழைய புடவை. கூட்டம் விலகி வழிவிட்டது. நேராக மாமாவிடம் வந்தார்.

"இவங்கல்லாம் எதப் பாக்கறதுக்கு ஏறறாங்க?"

மாமா வால்விலிருந்து கையை எடுத்தார்.

"ஜோடியா ஏறினா நல்லதாம். வேலை கெடைக்குமாம். என் பொண்ணு எதனால போனான்னு ஒருத்தருக்கும் தெரியாது. எதப் பாக்க ஏறறாங்கன்னு நீங்க சொல்லணும். ஏறறவங்க ஒவ்வொருத்தருக்கும். மைக்குல வேணாம். மொகத்தப் பாத்துச் சொல்லுங்க."

சொல்லிவிட்டு, வரிசையின் கடைசிக்குப் போய் நின்றார்.

முதலில் வந்தவர் கண்டக்டர். மாமா ஏணியைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தார். "வலது பக்கம் நான் கழுவல. கழுவிட்டதா தேதி போட்டேன். மூடிய வளைச்சு விட்டது நாங்கதான். அதுல புறா விழுந்து செத்துச்சு. இந்தம்மா பொண்ணு அதனாலதான் போச்சு. உள்ள பாருங்க." ஏணியின் அந்தப் பக்கம் நின்ற நான், "தேதிய எழுதினது நான்" என்றேன்.

கண்டக்டர் தமாஷ் என்று நினைத்துச் சிரிக்கப்போனார். பாதியில் வாய் நின்றுவிட்டது. ஏறினார், பார்த்தார், இறங்கினார். அந்தச் சட்டை விஷயம் அவருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். படியில் உட்கார்ந்துவிட்டார்.

நாற்பத்தேழு தடவை சொன்னோம். இரண்டு தடவை சொல்வதற்குள் நாக்கு ஒட்டிக்கொண்டது. பத்துக்குப் பிறகு தன்னால் வந்தது, அதுவே எனக்கு அருவருப்பாக இருந்தது. நடுவில் மாமா நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடி மெதுவாகச் சொல்ல ஆரம்பித்தார். ஒரு வீட்டுக்காரர் மாமாவின் காலருகே காறித் துப்பிவிட்டு ஏறாமலே போனார். இரண்டாவது மாடி அம்மாள் அழுதாள். புதிதாகக் கல்யாணமான ஜோடி கையைப் பிடித்துக்கொண்டு வந்தது, கையை விட்டுவிட்டுத் தனித்தனியாக ஏறிப் பார்த்தது. மளிகைக்கடைக்காரர், "இதையெல்லாம் இப்பப் போயி ஏன்யா கிளறிக்கிட்டு" என்று முணுமுணுத்தார். பதினோரு வீட்டுக்காரர்கள் பந்தியில் உட்காராமல் நேராக வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். செயலாளர் கேடயத்தைச் செய்தித்தாளில் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். கொடுத்த புத்தகங்களை எல்லாம் டீச்சர் ஒவ்வொருவர் கையிலிருந்தும் திரும்ப வாங்கிக்கொண்டிருந்தார்.

கடைசியில் தையல்காரம்மா வந்தார். மாமா சொல்ல ஆரம்பித்தார். அவர் நிறுத்தவில்லை. முழுவதையும் கேட்டார், முதல் தடவை கேட்பது போல. பிறகு ஏறினார். இடது பக்கம் பார்க்கவே இல்லை. வலது அறைக்குள் டார்ச் அடித்து மூலை மூலையாகப் பார்த்தார். எங்கள் இருவருக்கும் ஏணியைப் பிடித்த கை மரத்துப்போகும் அளவுக்குப் பார்த்தார்.

இறங்கியதும் நல்லா இருக்கு என்று சொல்லவில்லை.

"அடுத்த வருஷமும் சொல்லணும்" என்றார்.

"சொல்றேம்மா."

"நீங்க இல்லாத வருஷம்?"

மாமா என்னைப் பார்த்தார். "நான் சொல்றேன்" என்றேன்.

"நீங்களும் இல்லாத வருஷம்?"

பதிலுக்கு அவர் நிற்கவில்லை. "தண்ணியத் தொறந்து விடுங்க. பிள்ளைங்க கை கழுவணும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். மாமா வால்வைத் திருகினார். வலது அறையில் முதலில் காற்றுதான் வந்தது. சற்று நேரம் கழித்துத் தண்ணீர் விழுந்தது.